சோலைத்தும்பைக்கு ஒரு கை

“கையை எடுங்க! வேலிக்கு இந்தப் பக்கம் நீட்டுற கையை மொதல்ல எடுங்க!”

“எடுக்கலேன்னா என்னடி பண்ணுவ? வெட்டிப் போட்ருவியா?”

“வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கங்கத்தே. இது கோயில் நந்தவனம் இல்ல. மையம் வச்ச தாய்ச்செடி. நீங்க பறிக்கிற ஒவ்வொரு பூவும் விதையாக வேண்டிய பூ.”

“என் முருகனுக்கு நாலு பூ பறிக்க எவகிட்டடி நான் கேக்கணும்? பூ பூக்குறது சாமிக்கு. பக்கத்துல நின்னு காவ காக்குறதுக்கு நீ.”

“நாளைக்கு இந்தக் கை இங்க நீண்டுச்சுன்னா நடக்குறதே வேற!”

“நாளைக்கு என்னடி நாளைக்கு? இந்தா, இப்பவே இன்னும் ரெண்டு!”

சொன்னபடியே குஞ்சரத்தம்மா வேலிமேல் எக்கி இன்னும் இரண்டு பூவைக் காம்போடு கிள்ளி, ஈரக் கையிலிருந்த பித்தளைத் தட்டில் போட்டுக்கொண்டு, முந்தானையை உதறிவிட்டு உள்ளே போனார். ஜெனோவா வேலியைப் பிடித்தபடி கத்திக்கொண்டே நின்றாள். எங்கள் தெருவில் பால் வண்டி வராத நாள் உண்டு. அந்த ஆடி மாதத்தில் இந்தச் சண்டை வராத நாள் கிடையாது. ஊர் வம்பு எனக்கெதற்கு என்று நானும் உள்ளே போகத்தான் பார்த்தேன். ஆனால் எங்கள் வீட்டு வாசல் அந்த வேலிக்கு நேர் எதிரே அல்லவா இருக்கிறது!

சண்டை நடந்தது ஒரு சோலைத்தும்பைச் செடிக்காக. பழனி மலையின் சோலைக்காட்டுக்குள், மரநிழலில், மக்கிய இலைமேல் முளைக்கும் காட்டுப்பூ. காசித்தும்பைக்குத் தங்கச்சி முறை. தண்டு தண்ணீர்க் குழாய் மாதிரி நொளநொளவென்று இருக்கும். ரோஜா நிறப் பூ, பின்னால் எலிவால் போல ஒரு கொக்கி. ஒரு மணி நேரம் நேர்வெயில் பட்டால் செத்தேன் என்று படுத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீர் ஆகாது, எரு ஆகாது, மண்ணைக் கிளறினால் ஆகவே ஆகாது. நத்தையைக் கையால்தான் பொறுக்க வேண்டும். எங்கள் தெருவில் இதற்கு நடந்த உபசாரம் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்ததில்லை.

சோலைகள் மொட்டையாகி ஊற்றுகள் வற்றிய பிறகு, காட்டுக்கு விதை வேண்டும் என்று சோலைக்காட்டு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் வந்தார்கள். தெருவுக்கு ஒரு தாய்ச்செடி. செடி உயிரோடு இருக்கும் தெருவுக்கு மேலூற்றுத் தண்ணீர் வரும். செடி போன தெருவுக்கு லாரியில் வரும், டீத்தண்ணி நிறத்தில். ஜெனோவாவின் வீட்டு முற்றத்தில் நாவல் மரம் ஒன்று நல்ல நிழலோடு நின்றது. அவளுக்கு அப்போது இருபது வயது, அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருடம், தனியாள். “நீதாம்மா சும்மா இருக்க, நீயே பாத்துக்க” என்று தெரு சொன்னது. அவளும் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

தெரிந்தபோது செடிக்கு அவள் கை பழகிவிட்டது.

பத்து வருடம் கழித்து, சித்திரை மாதம், ஜெனோவா தெருச் சங்கத்தைக் கூட்டச் சொன்னாள். சங்கம் என்றால் செயலாளர் சாமிதுரை வாத்தியாரின் கார் ஷெட். அவருக்கு ஜெனோவாவின் மறுபக்கத்து வீடு. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லோரையும் பெஞ்சுமேல் ஏற்றுகிற குரல். சங்கத்தின் தலைவி நம் குஞ்சரத்தம்மா. ரேஷன் கடையில் முப்பது வருடம் அரிசி நிறுத்தவர். சங்கத்திலும் யாருக்கு எவ்வளவு என்று அவரேதான் நிறுப்பார்.

மையத்திலிருந்து ஷமீம் என்ற தம்பியும் வந்திருந்தார். எப்போதும் பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட முகம். ஜெனோவா அவரைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள்.

“நான் தூத்துக்குடி போகணும். லூர்துராஜ் அஞ்சு வருசமாக் காத்திருக்காரு. கடல் காத்தாலையில வேலை. அந்த வேலைய மலைக்குத் தூக்கிட்டு வர முடியாது. செடிய வேற யாருக்காவது மாத்திக் குடுங்க.”

ஷமீம் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். “அக்கா, அது சிம் கார்டு மாத்துற மாதிரி இல்ல. செடிக்குக் கீழ மண்ணுல ஒரு பூஞ்சை இருக்கு. வேருக்குச் சோறு ஊட்டுறது அதுதான். முன்ன காட்டுல மானு, மந்தி, காட்டுக்கோழின்னு நூறு உயிரு இதை உரசிட்டுப் போவும். அதுக மேல இருக்குற கண்ணுக்குத் தெரியாத கிருமிங்களை வச்சுத்தான் பூஞ்சை பொழச்சுது. இப்ப அந்த உயிரெல்லாம் இல்ல. அந்த எடத்துல மனுசக் கையை வச்சோம். ஒருத்தர் கையில இருக்குற கிருமி இன்னொருத்தர் கையில இருக்காது. ஒரு கை பழகிருச்சுன்னா பூஞ்சை அதையேதான் தேடும்.”

“அந்தக் கை போயிட்டா?”

“பட்டினி.”

“மாறவே மாறாதா?”

“மாறும். புதுக் கை ஒரு பூப்பருவம் முழுக்க, விடாமத் தொடணும். அந்த நாளுல பழைய கை படவே கூடாது. அதுவா மறந்து, அதுவாப் பழகணும். ஆனா மனசு வச்சு யாராவது ஒருத்தர் வரணும்.”

மனசு வைக்க வேண்டிய அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். குஞ்சரத்தம்மாதான் தொண்டையைச் செருமினார்.

“எல்லாருக்கும் புள்ள குட்டி இருக்கு, வேல வெட்டி இருக்கு. ஒனக்கு என்னம்மா இருக்கு? ஒருத்தி கொஞ்சம் அனுசரிச்சுப் போனா ஒரு தெருவே நல்ல தண்ணி குடிக்குது. இதுல ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

“எனக்கு வயசு முப்பது ஆச்சுத்தே.”

“ஆவட்டுமே. செடிக்கு வயசாகுதா? அதும்பாட்டுக்குப் பூக்குதில்ல?”

சிலர் சிரித்தார்கள். சாமிதுரை வாத்தியார் தீர்ப்பை வாசித்தார். “அனைவரின் நலன் கருதி, ஜெனோவா பயணத்தைத் தள்ளி வைக்கிறாங்க.” ஜெனோவா தள்ளி வைப்பதாகச் சொல்லவில்லை. சொன்னது அவர்தான்.

அவளைப் பிடித்து வைக்கச் சட்டம் ஒன்றும் இல்லை. சட்டம் இருந்தால் மீறலாம். இருந்தது தெரு. அதற்கு முந்தின வருடம் அவள் யாரிடமும் சொல்லாமல் தூத்துக்குடிக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டாள். செடி வதங்கியது, மையம் ஊற்றுத் தண்ணீரை நிறுத்தியது. திரும்பி வந்தவள் கேட்டைத் திறக்க முடியவில்லை. தெருவில் உள்ள அத்தனை காலிக் குடங்களையும் அவள் வாசலில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தோம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்தி வழி பண்ணிக்கொண்டு உள்ளே போனாள். உதவ ஒருவரும் போகவில்லை. திண்டுக்கல்லுக்கு இறங்கும் ஜீப்காரர்கள்கூட அதன்பின் அவளை ஏற்றிக்கொள்ள யோசித்தார்கள்.

கார் ஷெட் கூட்டம் முடிந்த மறுமாதம் சாரல் பிடித்தது. செடி பூத்தது. குஞ்சரத்தம்மா குளித்துவிட்டு, தலையில் ஈரத்துண்டோடு, முதல் முதலாக வேலிக்கு மேல் கை நீட்டினார். அதுவரை அடுத்தவர் வீட்டுச் செம்பருத்தியும் அரளியும்தான் அவர் முருகனுக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் அது திருட்டுக் கணக்கில் வராது. ஜெனோவா பார்த்தாள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டைதான் நான் முதலில் சொன்னது. அவள் கத்தக் கத்த இவர் பூத்தட்டு பெரிதாகிக்கொண்டே போனது. சிறு கிண்ணத்தில் ஆரம்பித்து, ஆவணியில் தாம்பாளத்துக்கு வந்துவிட்டார்.

“நீங்க ஏம்மா அவகிட்ட வாயக் குடுக்குறீங்க? ஒங்க வீட்டுலயே பிச்சி இருக்கே” என்று ஒருநாள் நான் கேட்டேன்.

“பிச்சி இருக்கு. ஆனா இவ வேணாங்குறாள்ல? அதுக்காகவே பறிப்பேன்” என்றார். “முருகனுக்கும் இந்தப் பூதான் புடிச்சிருக்கு. நேத்து வலது பக்கத்துப் பூவத்தான் விழ வச்சாரு.”

ஐப்பசியில் ஷமீம் வருடாந்திரச் சோதனைக்கு வந்தார். செடி அந்த வருடம் புதர் மாதிரி தழைத்திருந்தது. தெருவே ஜெனோவாவின் முற்றத்தில் கூடியது. குஞ்சரத்தம்மாவும் வந்தார், புதுப்புடவையில். அவருக்கு வேறு ஒரு சந்தோஷம். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் சிவக்கொழுந்து புது வீடு கட்டி, அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் பூசையறையோடு தனியறை ஒதுக்கியிருந்தான். சாமான் கட்டியாகிவிட்டது. வேன் வர வேண்டியதுதான் பாக்கி.

ஷமீம் ஊசி போன்ற ஒன்றை மண்ணில் குத்தி எடுத்தார். ஜெனோவாவின் உள்ளங்கையைப் பஞ்சால் துடைத்தார். கருவியைப் பார்த்தார். திரும்பவும் துடைத்தார். அவர் முகத்திலிருந்த தூக்கம் அன்றுதான் கலைந்து பார்த்தேன்.

“அக்கா, நீங்க இந்தச் செடிய வெறுங்கையால தொட்டு எவ்வளவு நாளாச்சு?”

“தெனமும் தொடுறேன் தம்பி. தெருவே பாக்குதே.”

“வெறுங்கையால?”

ஜெனோவா பாவாடைப் பையிலிருந்து சாம்பல் நிறக் கம்பளிக் கையுறையை எடுத்துக் காட்டினாள். மலையில் குளிருக்கு எல்லோரும்தான் கையுறை போடுகிறோம். யார் அதைக் கண்டோம்?

“இந்தச் செடிக்கு இப்ப கை நீங்க இல்ல” என்றார் ஷமீம். “ஆனா செடி பட்டினியும் இல்ல. வேற யாரோ பருவம் பூராவும் தொட்டிருக்காங்க.”

எல்லோரும் ஒரே நேரத்தில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டோம். ஷமீம் ஒவ்வொருவராகத் துடைத்துக்கொண்டு வந்தார். சாமிதுரை வாத்தியார் தம் கை பொருந்தவில்லை என்றதும் பரீட்சையில் பாஸான பையன் போல் மூச்சு விட்டார். குஞ்சரத்தம்மா கையை நீட்டவில்லை.

“எனக்கெதுக்குப்பா? நான் கார்த்திகைக்குள்ள கோயம்புத்தூர் போறவ.”

“சும்மா ஒரு பஞ்சுதாம்மா.”

துடைத்தார். கருவி சின்னதாகக் கூவியது. அவ்வளவுதான்.

“பூ பறிக்கிறப்ப நகத்தால காம்பக் கிள்ளுறீங்கல்லம்மா,” ஷமீம் தயங்கித் தயங்கிச் சொன்னார், “அந்தப் பச்சைக் காயம் வழியாத்தான் கை சீக்கிரம் உள்ள போவும். தடவுறதவிட அது பலம், பாதிப் பருவமே போதும். போதாததுக்குக் கிள்ளக் கிள்ளச் செடி தழையும். ஒரு நாளும் விட்டுப்போகாம, வெறுங்கையா, ஈரக் கையா...”

“பூசைக்குப் பறிக்கிற கையில எவனாச்சும் உறை போடுவானா?” என்றார் குஞ்சரத்தம்மா. பிறகு மெல்ல ஜெனோவாவின் பக்கம் திரும்பினார். “நீ தெரிஞ்சுதானடி செஞ்ச?”

“நான் என்னத்தே செஞ்சேன்? தெனமும் கையை எடுங்க, கையை எடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துனேன். நீங்கதான் எடுக்கல.”

“அடிப்பாவி!”

“நான் சும்மா இருந்திருந்தா ரெண்டு நாள்ல விட்டுட்டுப் போயிருப்பீங்க. ஒங்களத் தெரியாதா எனக்கு? பத்து வருசமா அடுத்த வீடு.”

குஞ்சரத்தம்மா அவள் தலைமயிரைப் பிடிக்கப் பாய்ந்தார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். இழுத்தது ஜெனோவாவைக் காப்பாற்ற என்று நினைத்தால் தெருவை உங்களுக்குத் தெரியாது. செடி மிதிபடக் கூடாதே என்றுதான்.

அதன்பின் நடந்ததைப் பார்க்க எனக்கே கூசியது. காலைவரை ‘தலைவியம்மா’ என்று குழைந்தவர்கள் அன்று சாயங்காலமே கார் ஷெட்டில் கூடினார்கள். சாமிதுரை வாத்தியார் எழுந்து, “அனைவரின் நலன் கருதி, குஞ்சரத்தம்மா பயணத்தைத் தள்ளி வைக்கிறாங்க” என்றார். ஒரு எழுத்து மாறவில்லை. “மகன் வீடு எங்க போயிரப் போவுது? ஒங்களுக்கு இங்க என்ன கொறை?” என்று ஒருத்தி கேட்டாள். குஞ்சரத்தம்மா அவளை வெறித்துப் பார்த்தார். அந்தக் கேள்வி எங்கேயோ கேட்டது போல் இருந்திருக்கும்.

வேனோடு வந்த சிவக்கொழுந்து, “எங்கம்மாவக் கூட்டிட்டுப் போக நான் எவன்கிட்ட கேக்கணும்?” என்று தெருவின் நடுவில் நின்று எகிறினான். பதிலுக்கு ஒருவரும் எகிறவில்லை. வேனைச் சுற்றிக் குடங்களை வைத்துவிட்டுப் பேசாமல் நின்றோம். பொழுது சாயும்வரை ஹாரன் அடித்துப் பார்த்தான். கடைசியில் கட்டிய சாமானை இறக்கிவிட்டு, காலி வேனில் தனியாகப் போனான்.

அந்த வாரமே ஜெனோவா கிளம்பினாள். ஒரே பெட்டி. வழியனுப்ப யாரும் இல்லை, வழிமறிக்கவும் இல்லை. குஞ்சரத்தம்மா மட்டும் தம் பக்கத்து வேலியில் நின்றார்.

“போடி. நீ போற எடத்துல ஒரு புல்லு மொளைக்காது.”

“கடக்கரைத்தே அது. அங்க எப்பவுமே மொளைக்காது.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செடியை மட்டும் தாண்டும்போது கொஞ்சம் விலகி நடந்தாள்.

அடுத்த சாரலில் குஞ்சரத்தம்மா தம் வேலையை ஆரம்பித்தார். ஒருத்தி செய்ததை இன்னொருத்தியால் செய்ய முடியாதா என்ன? பூட்டிக் கிடந்த ஜெனோவா வீட்டு முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, விடிந்ததும் கத்துவார். “என் பூவ எவளாச்சும் தொட்டீங்கன்னா கையை ஒடிப்பேன்!” தொட ஒருவரும் இல்லை. செடியின் கிளைகளைக் கயிறு கட்டி இழுத்துத் தெருப்பக்கம் சாய்த்துவிட்டார். பூக்கள் நடைபாதைக்கு மேல், கைக்கெட்டும் உயரத்தில் தொங்கின. நாங்கள் கையைச் சட்டைப்பையிலும் முந்தானையிலும் திணித்துக்கொண்டு கடந்து போனோம். பிறகு கெஞ்சிப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வேணும்னா நீங்களே வந்து பறிச்சுக்கங்கம்மா.” பெண்கள் எல்லோருக்கும் திடீர் ஞானம் வந்திருந்தது. “சாமிக்குப் பூவா முக்கியம்? மனசுதானம்மா முக்கியம்.” அவரே பறித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டோம், அதற்கு ஒன்றும் ஆகாது அல்லவா?

பருவம் பாதி போனது. குஞ்சரத்தம்மா பாதியாகிவிட்டார். கோயம்புத்தூர் அறையில் பேரன் படிக்கிறான் என்று கேள்வி.

அந்த ஆவணியில்தான் சாமிதுரை வாத்தியாரின் மகன் கதிரேசனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் யாழரசி, பரமக்குடிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே கதிரேசன் ஓசூரில் வேலை தேடி, வீடும் பார்த்து வைத்திருந்தான். அப்பாவுக்கும் மகனுக்கும் அதில்தான் தகராறு. “பெத்தவன விட்டுட்டுப் போறியா?” என்று இவர் கத்துவது எங்கள் வீட்டு அடுப்படிவரை கேட்கும்.

யாழரசி கருவேலங்காட்டைத் தவிர வேறு காடு கண்டதில்லை. வந்த மறுநாள் காலை வாசலில் வந்து நின்றாள். தெருப்பக்கம் சாய்ந்த ரோஜா நிறப் பூக்களைப் பார்த்தாள். கண் அகன்றுவிட்டது.

“மாமா, இதப் பறிக்கலாமா? யாரும் ஏச மாட்டாகளா?”

சாமிதுரை வாத்தியார் செய்தித்தாளை மடித்தார். தெருவில் துடைப்பங்கள் நின்றன. முக்காலியில் உட்கார்ந்திருந்த குஞ்சரத்தம்மா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கத்தினால் இந்தப் பெண் பயந்து நின்றுவிடும் ரகம் என்று ஒரே பார்வையில் நிறுத்துப் பார்த்துவிட்டார் போல.

“நல்லாப் பறிச்சுக்கம்மா,” என்றார் மாமனார். “நம்ம வீட்டுப் பூ மாதிரிதான். தெனமும் பறிச்சுக்க.”

குஞ்சரத்தம்மா எழுந்து வந்தார். அப்படி ஒரு குழைவை அவர் குரலில் நான் கேட்டதே இல்லை. “பிச்சுப்புடாத கண்ணு. இந்தா, காம்போட, நகத்தால கிள்ளணும். அப்பத்தான் திரும்பத் தழையும்.” சொல்லிக் கொடுத்த கையில் கையுறை இருந்தது.

ஒரு தெரு முழுக்க வாயடைத்துப்போன காட்சியை நான் முதலும் கடைசியுமாக அந்தப் பருவத்தில்தான் பார்த்தேன். தினமும் காலையில் அந்தப் பெண் தலைக்குக் குளித்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, மடி நிறையப் பூ பறிக்கும். எல்லோருக்கும் ஒரு வணக்கம் சொல்லும். எல்லோரும் சிரித்துவிட்டு அவரவர் குழாயடிக்குப் போவோம். மேலூற்றுத் தண்ணீர் அந்த வருடம் அத்தனை ருசியாக இருந்தது.

ஐப்பசிச் சோதனையில் யாழரசியின் கைக்குக் கருவி கூவியபோது கதிரேசன் அப்பாவின் சட்டையைப் பிடித்தான். “ஒங்களுக்குத் தெரியும்ல?” சாமிதுரை வாத்தியார் சட்டையைச் சரி செய்துகொண்டு, “அனைவரின் நலன்...” என்று ஆரம்பித்தார். யாழரசிக்கு ஒன்றும் புரியவில்லை. யார் யார் முகத்தையோ பார்த்தது. ஷமீம்தான் உட்கார வைத்துச் சொன்னார். கேட்டுவிட்டு, “பறிக்கலாமான்னு கேட்டுட்டுத்தானே பறிச்சேன்” என்றது. அவ்வளவுதான் சொன்னது.

குஞ்சரத்தம்மா அதற்கடுத்த நாளே கோயம்புத்தூர் போய்விட்டார். பேரன் அறையை விடவில்லையாம். கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறார்களாம். ஜெனோவாவும் லூர்துராஜும் தூத்துக்குடியில் மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். மாலை வேண்டாம் என்று பெண் சொல்லிவிட்டாளாம். ஷமீம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிட்டார். கதிரேசன் ஓசூரில் தனியாக இருக்கிறான், சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகிறான். அப்பாவோடு பேச்சில்லை.

யாழரசிக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிப்போகப் பரமக்குடியிலிருந்து வரும் ஞாயிறு வருகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கார் ஷெட்டில் சங்கக் கூட்டம் என்று சாமிதுரை வாத்தியார் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். தம் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அங்கே பரமக்குடியில், மகள் வந்து படுக்க என்று, காற்று வரும் முன்னறைக்கு வெள்ளையடித்துத் தயாராக வைத்திருக்கிறாளாம் அவள் அம்மா.